பல சான்று, ஒரே கணக்கு

இயற்கை விவசாயக் குழுக்கள் நின்று போவதற்கு வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள். விளைச்சல் குறைவு, விலை இல்லை, ஆள் கிடைக்கவில்லை. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. அதுதான் எழுத்து வேலை.

முதல் வருடம் எல்லோரும் ஆர்வமாக நோட்டு போடுவார்கள். இரண்டாம் வருடம் இன்னொரு சான்றுக்கு இன்னொரு நோட்டு சேரும். அரிசியாக்கி விற்கலாம் என்று இறங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று. கம்பெனியாகப் பதிவு செய்தால் ஆடிட்டருக்கு ஒன்று. கடன் வாங்கினால் வங்கிக்கு ஒன்று. கடைசியில் குழுவில் கொஞ்சம் படித்த ஒருவர், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு மருமகள், சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து ஏழெட்டு நோட்டை நிரப்பிக்கொண்டு இருப்பார். அவர் ஒரு நாள் "என்னால முடியாதுங்க" என்று எழுந்துவிட்டால் குழுவும் எழுந்துவிடும்.

மகசூல் குறைந்து இயற்கை விவசாயத்தை விட்டவர்களைவிட, எழுதி மாளாமல் குழுவை விட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் செய்வதுதான். வங்கிகள் காலங்காலமாகச் செய்வதும் அதுதான். நம் குழுக்களுக்கு ஏற்றபடி அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

யார் யார் என்ன கேட்கிறார்கள்?

நெல் பயிரிடும் 30 பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். நெல்லை அரைத்து, பொட்டலம் போட்டு, ஊரிலும் சென்னையிலும் விற்கிறார்கள் என்று வைப்போம். இவர்கள் வாசலுக்கு வரக்கூடியவர்கள் இவ்வளவு பேர்.

முதலில் பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உத்தரவாத முறை. உழவர்களே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. ஐந்து பேர் சேர்ந்தாலே குழு ஆரம்பிக்கலாம். செலவு குறைவு. ஆனால் இந்தச் சான்றை வைத்து இயற்கை விளைபொருள் என்று வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

இரண்டாவது என்.பி.ஓ.பி. என்கிற தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். 2001 முதல் நடக்கிறது. மத்திய அரசின் அபீடா நிறுவனம் இதை நிர்வகிக்கிறது. நம் மாநிலத்தில் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றளிப்புத் துறையும் சான்று வழங்குகிறது. தனி ஆளாகவும் வாங்கலாம், குழுவாகவும் வாங்கலாம். குழு என்றால் குறைந்தது 25 பேர், அதிகபட்சம் 500 பேர். குழுவே ஓர் உள் கட்டுப்பாட்டு முறை வைத்து, எல்லா வயலையும் தானே ஆய்வு செய்து எழுதி வைக்க வேண்டும். சான்று நிறுவனம் வந்து சில வயல்களை மட்டும் மாதிரிக்குப் பார்க்கும். 2025 ஜனவரியில் வந்த எட்டாம் பதிப்பு, குழுவுக்குச் சட்டப்படியான பதிவும் இருக்க வேண்டும் என்கிறது.

மூன்றாவது உணவுப் பாதுகாப்பு. 2006-ம் வருடச் சட்டத்தில் உழவருக்கும், வயலில் விளைகிற பயிருக்கும் விலக்கு உண்டு. ஆனால் அரைத்து, பையில் போட்டு, பெயர் ஒட்டி விற்க ஆரம்பித்தால் உள்ளே வந்துவிடுகிறோம். 2017-ம் வருட இயற்கை உணவு விதிகள், மேலே சொன்ன இரண்டு சான்றையும் ஏற்கின்றன. இதோடு எடையளவுச் சட்டமும் சேரும். தராசுக்கு முத்திரை, பையின் மேல் எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் வேண்டும்.

நான்காவது கம்பெனிச் சட்டம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று 2002-ம் வருடத் திருத்தத்தில் வந்த அமைப்பு. பத்து உற்பத்தியாளர்கள் இருந்தால் பதியலாம். இயக்குநர்கள் குறைந்தது ஐந்து பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இயக்குநர் கூட்டம், வருடம் ஒரு பொதுக்குழு, கணக்குக்கு உள் தணிக்கை.

ஐந்தாவது வங்கி. நடைமுறைக் கடன் கொடுத்தால் கையிருப்புப் பட்டியல் கேட்கும்.

இது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. ஒரு பட்டுச்சேலையை எடுத்துப் பாருங்கள். அசல் பட்டு நூல்தான் என்று சொல்ல 2004-ல் வந்த சில்க் மார்க் இருக்கிறது. கைத்தறியில் நெய்தது என்று சொல்ல 2006-ல் வந்த கைத்தறி முத்திரை. காஞ்சிபுரத்துச் சேலை என்று சொல்லப் புவிசார் குறியீடு. மூன்றும் மூன்று வேறு கேள்விக்குப் பதில். அதற்காக நெசவாளர் மூன்று தறியில் மூன்று தடவை நெய்வதில்லை. ஒரே தறி, ஒரே சேலைதான். நம் நெல்லும் அப்படித்தான்.

தேவையில்லாததைச் சுமக்க வேண்டாம்

நோட்டுகளைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சான்று நமக்கு எதற்கு?

சிறு உழவர் தான் விளைவித்ததைத் தானே நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்றால், இயற்கை உணவு விதிகளின்படி சான்று கட்டாயம் இல்லை. 'ஜைவிக் பாரத்' முத்திரை மட்டும் போட முடியாது. உள்ளூர்ச் சந்தையும் நம்பி வாங்குகிற நாற்பது குடும்பமும் இருந்தால், அவருக்கு நல்ல பெயரும் ஒரு பண்ணைக் குறிப்பேடும் போதும். கடைகளுக்குக் கொடுக்கிறவருக்குப் பி.ஜி.எஸ். உதவும். ஏற்றுமதி செய்கிற வியாபாரிக்குக் கொடுக்கிறவருக்கு என்.பி.ஓ.பி. தேவை. பக்கத்துக் குழு வாங்கிவிட்டது என்பதற்காக நாமும் வாங்குவது வீண் செலவு.

தேவையானது எது என்று முடிவு செய்த பிறகு அடுத்த வேலை.

எல்லோரும் கேட்பது ஆறே கேள்வி

மேலே சொன்ன ஐந்து பேரின் படிவங்களையும் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். பெயர்கள் வேறு வேறாக இருக்கும். உள்ளே இருப்பது ஆறு கேள்விதான்.

எந்த நிலம், யாருடையது? அந்த நிலத்துக்குள் என்னென்ன போனது? அதிலிருந்து என்ன வந்தது, எவ்வளவு? அதை எங்கே வைத்தீர்கள், எப்படி அரைத்தீர்கள்? யாருக்கு விற்றீர்கள்? தப்பு ஏதாவது நடந்ததா, நடந்தபோது என்ன செய்தீர்கள்?

நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். ஒரு கிளைக்கு வருகிற ஆய்வாளர்களுக்குக் குறைவே இல்லை. தலைமை அலுவலகத்து உள் ஆய்வு, உடனுக்குடன் பார்க்கும் தணிக்கை, வருட முடிவில் சட்டப்படியான தணிக்கை, ரிசர்வ் வங்கி ஆய்வு என்று வந்துகொண்டே இருப்பார்கள். இவர்களில் யாருக்காகவும் கிளையில் தனிப் பேரேடு கிடையாது. ஒரே பேரேடு. அவரவர் வந்து, அவரவருக்கு வேண்டியதை அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

அங்கே மூன்று விதி உண்டு. ஒரு நடவடிக்கைக்கு ஒரு வவுச்சர். அதை நடந்த இடத்திலேயே, நடந்த அன்றே எழுத வேண்டும். எழுதினவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். மாலையில் பெட்டியில் உள்ள பணமும் ஏட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போகாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

இந்த மூன்றையும் அப்படியே களத்து மேட்டுக்குக் கொண்டு வரலாம். பணத்துக்குப் பதில் நெல், அவ்வளவுதான்.

பணியில் இருந்தபோது ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. கடனுக்காகக் கொடுத்த பட்டியலில் ஒரு கையிருப்பு, விற்பனை நோட்டில் வேறொன்று, கிடங்கு நோட்டில் இன்னொன்று. யாரும் திருடவில்லை. மூன்று பேர் மூன்று நாளில் மூன்று நோட்டில் எழுதியிருந்தார்கள். ஆனால் பார்க்கிறவருக்கு அது திருட்டு மாதிரிதான் தெரியும். பல நோட்டு வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து வேலைப் பளு மட்டும் இல்லை. நேர்மையான ஆட்களையும் பொய்யர்களாகக் காட்டிவிடும்.

ஆறு நோட்டு

ஆறு கேள்விக்கு ஆறு நோட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

1. நிலப் பதிவேடு. உறுப்பினருக்கு ஒரு பக்கம். சர்வே எண், பரப்பு, சிட்டா நகல், கையால் வரைந்த வரைபடம், தண்ணீர் வருகிற வழி, நாலு பக்கமும் யார் என்ன பயிர் செய்கிறார்கள், கடைசியாக ரசாயனம் போட்ட தேதி. ஒரு தடவை எழுதினால் போதும். வருடத்துக்கு ஒரு முறை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, ஒருவருக்கு எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கட்டும். பங்குதாரர் பதிவேட்டில் 7 என்றால் பி.ஜி.எஸ். பட்டியலிலும் 7, கொள்முதல் சீட்டிலும் 7. பாதிக் குழப்பம் இதிலேயே தீரும்.

2. பண்ணைக் குறிப்பேடு. உழவர் கையில் இருக்க வேண்டியது இது ஒன்றுதான். தேதி, எந்த வயல், என்ன வேலை, என்ன இட்டோம், அது எங்கிருந்து வந்தது. பஞ்சகவ்யா சொந்தத் தயாரிப்பு என்றால் அப்படியே எழுதுங்கள். வேப்பம் புண்ணாக்கு கடையில் வாங்கினால் பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எழுத வராதவர் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் பேசி அனுப்பட்டும். "இன்னைக்கு ஏரிக்கரை வயலுக்கு மீன் அமிலம் அடிச்சேன்" என்றால் போதும். வாரம் ஒரு நாள் எழுதுகிறவர் அதை ஏற்றிவிடுவார். ஆய்வுக்கு முதல் நாள் ஒரே பேனாவில் ஆறு மாதத்தை எழுதுவது எந்த ஆய்வாளருக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

3. வரவு நோட்டு. அறுவடையாகி நெல் களத்துக்கோ கிடங்குக்கோ வந்ததும் எழுதுவது. எடை, ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கை, லாட் எண். லாட் எண் எளிமையாக இருக்கட்டும். "7-2-தூ-சம்பா" என்றால் 7-ம் உறுப்பினர், அவருடைய 2-வது வயல், தூயமல்லி, சம்பா பட்டம். இதன் கார்பன் நகலே கொள்முதல் சீட்டு. ஆடிட்டருக்கும் அதுதான், உழவருக்குப் பணம் கொடுப்பதும் அதை வைத்துத்தான்.

4. கையிருப்பு, அரவை நோட்டு. எத்தனை மூட்டை உள்ளே, எத்தனை மில்லுக்குப் போனது, அரிசி எவ்வளவு, தவிடு, உமி எவ்வளவு, மீதி எவ்வளவு. வங்கிக்குக் கொடுக்கிற கையிருப்புப் பட்டியல் இதன் கடைசி வரிதான். தனியாகத் தயாரிக்கவே கூடாது.

5. விற்பனை நோட்டு. ஒவ்வொரு பில்லிலும் லாட் எண் வர வேண்டும். பொட்டலத்தின் மேலும் அதே எண்.

6. குறை நோட்டு. வாடிக்கையாளர் புகார், உள் ஆய்வில் கண்ட குறை, தராசுக் கோளாறு, பக்கத்து வயல் மருந்து காற்றில் வந்தது, எல்லாம் ஒரே நோட்டில். என்ன நடந்தது, யார் சரி செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், சரி செய்தது யார், பார்த்தது யார். இந்த நோட்டு காலியாக இருந்தால் ஆய்வாளர் சந்தோஷப்பட மாட்டார். குழு கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது என்றுதான் நினைப்பார்.

கம்பெனிச் சட்டப்படியான தீர்மானப் புத்தகம், பங்குதாரர் பதிவேடு ஆகியவை இவற்றுக்கு வெளியே தனியாக இருக்கும். அவற்றை இவற்றோடு கலக்க வேண்டாம்.

நெல்லை டேலி செய்வது

பட்டத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிக் கழித்துப் பாருங்கள். பயிர் நிற்கும்போது ஏக்கருக்கு 20 மூட்டை வரும் என்று மதிப்பிட்ட வயலிலிருந்து 30 மூட்டை வந்தால் கேட்க வேண்டும். நல்ல விளைச்சலாக இருக்கலாம். பக்கத்துக்காரர் நெல் சேர்ந்திருக்கவும் கூடும்.

அரவையிலும் அப்படித்தான். 1,000 கிலோ நெல் மில்லுக்குப் போய் 620 கிலோ அரிசி வந்தது. பில் போட்டது 580 கிலோ. கிடங்கில் 40 கிலோ இருக்க வேண்டும். 90 கிலோ இருந்தால் அந்த 50 கிலோ யாருடைய அரிசி? குறைந்தால் மட்டும் பதறுவது வியாபாரப் பழக்கம். நமக்குக் கூடினாலும் பதற வேண்டும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. கடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து, "இது எந்த வயல்?" என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் சர்வே எண்ணைக் காட்ட முடிந்தால் உங்கள் முறை வேலை செய்கிறது. திருப்பியும் கேளுங்கள். இந்த வயல் நெல் எந்தெந்தக் கடைக்குப் போனது? சந்தேகம் வந்தால் பொருளைத் திரும்பப் பெற உணவுப் பாதுகாப்பு கேட்பதும், அங்ககச் சான்றில் வயல்வரை தடம் பிடிப்பதும் இந்த ஒரே சோதனைதான்.

ஒரு வேலை, இரண்டு பலன்

நோட்டைச் சேர்த்தது போல வேலைகளையும் சேர்க்கலாம்.

சாக்கு. யூரியா சாக்கில் நெல் கட்டினால் அங்ககச் சான்றும் போகும், உணவுப் பாதுகாப்பும் போகும். புதுச் சாக்கு என்று ஒரே விதி போட்டால் இரண்டும் முடிந்தது.

அறுவடை இயந்திரம். நேற்று ரசாயன வயலில் ஓடிய வண்டி வயிற்றில் நெல்லோடுதான் வரும். இறங்கும் முன் சுத்தம் செய்யச் சொல்லி, முதலில் கொட்டும் நெல்லைத் தனியாக ஒதுக்குங்கள்.

மில். நமக்கு முன்னால் அரைத்தவர் அரிசி இயந்திரத்தில் தங்கியிருக்கும். காலையில் முதல் ஆளாகப் போங்கள். இல்லாவிட்டால் முதலில் வரும் அரிசியை ஒதுக்குங்கள். ஒதுக்கியதையும் அரவை நோட்டில் எழுதுங்கள்.

தெளிப்பான். இரவல் வாங்கிய தெளிப்பான் பல குழுக்களின் பலவீனம். குழுவுக்கு என்று சொந்தமாக இரண்டு வைத்துக்கொள்வது மலிவு.

விதிகள் மோதும் இடங்கள்

எல்லாம் இப்படிச் சுலபமாகச் சேர்ந்துவிடாது. சில இடத்தில் இரண்டு விதிகள் நேருக்கு நேர் நிற்கும். அங்கே கடுமையான விதி எதுவோ அதை எல்லோருக்கும் வைத்துவிடுவதே நல்லது. ஆளுக்கு ஒரு விதி என்றால் கிடங்கில் நிற்கிற பையனுக்குக் குழப்பம்.

கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியும் எலியும் இருக்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு. செல்பாஸ் மாத்திரை, எலி மருந்து கூடாது என்கிறது அங்ககச் சான்று. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வழியில்லை. இரண்டையும் நிறைவேற்ற நெல்லை நன்றாகக் காயவிட்டு, ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு வந்த பிறகே அடுக்க வேண்டும். தரையில் கட்டை போட்டு, சுவரிலிருந்து தள்ளி அடுக்கி, எலிக்கு மருந்து வைக்காமல் பொறி வைத்து, ஓட்டைக்கு வலை அடித்து, வசம்பு, நொச்சி, வேம்பு பயன்படுத்தி, வாரம் ஒரு தடவை பெருக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மாட்டுச் சாணம் இன்னொன்று. நமக்கு அது உயிர். ஆனால் கீரையும் காய்கறியும் பச்சையாகச் சாப்பிடுகிறவர் தட்டுக்குப் போகிறது. அறுவடைக்கு நெருக்கத்தில் ஜீவாமிர்தத்தை இலை மேல் அடித்தால் கிருமிகள் கூடவே போகும். மண்ணுக்கு விடுங்கள், அறுவடைக்கு முன்னால் இடைவெளி விடுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள். சாணம் மெழுகிய களத்தில் நேரடியாக நெல் கொட்டாமல் தார்ப்பாய் விரியுங்கள். விதை நேர்த்திக்குச் சாணம் வைக்கலாம், விற்கிற அரிசிக்குப் பக்கத்தில் வேண்டாம். இது பாரம்பரியத்துக்கு எதிரான பேச்சு இல்லை. நம்மை நம்பி வாங்குகிறவர் வயிற்றைக் காப்பது.

மூன்றாவது, மாறும் காலத்தில் இருக்கிற உறுப்பினர்கள். என்.பி.ஓ.பி.யில் பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன்னால் இரண்டு வருடம், மரப்பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னால் மூன்று வருடம். அந்தக் காலத்து நெல், முழுச் சான்று நெல்லோடு சேரக் கூடாது. சாக்கின் வாயைக் கட்டும் கயிற்றில் நிறம் வையுங்கள். முழுச் சான்றுக்குப் பச்சை, மாறும் காலத்துக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும்.

சேர்க்கக் கூடாதது ஒன்று உண்டு

ஏட்டைச் சேர்க்கலாம், வேலையைச் சேர்க்கலாம், விதியைச் சேர்க்கலாம். பார்க்கிற கண்ணை மட்டும் சேர்க்கக் கூடாது. எல்லாம் ஒரே முறை ஆகிவிட்டது என்று ஒரே ஆளே நெல் எடை போட்டு, நோட்டு எழுதி, உள் ஆய்வும் செய்து, பணமும் பட்டுவாடா செய்தால் அதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு இல்லை. ஆபத்து. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆபத்துதான். அவருக்கே அது பாதுகாப்பு இல்லை.

இதற்குப் பாடம் தேட வெளிநாடு போக வேண்டாம். எங்கள் மாவட்டத்து உத்திரமேரூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ம் வருடக் கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோருக்கும் தெரிந்தவை. நான் அவற்றை நிர்வாகப் பாடமாகப் பார்க்கிறேன்.

ஊருக்குச் சபை ஒன்றுதான். அதன் கீழ் வேலைகள் பிரிந்திருந்தன. ஏரிக்கு ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், பொது மேற்பார்வைக்குச் சம்வத்சர வாரியம். 30 குடும்புகளிலிருந்து குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். பதவி 360 நாள். முந்தின மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை.

அன்றைய சபையில் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. நிலம், சாதி, படிப்பு என்று தகுதிகள் வைத்து மற்றவர்களை வெளியே நிறுத்தியது. பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று. அமைப்பு ஒன்று, வேலை பலருக்கு. பொறுப்பு சுற்றி வர வேண்டும். கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை.

நம் குழுவுக்கு இதை இப்படி வைக்கலாம். எடை போடுகிறவர் பணம் கொடுக்கக் கூடாது. உள் ஆய்வாளர் தன் வயலையும் தன் உறவினர் வயலையும் பார்க்கக் கூடாது. அவர் வயலை நான் பார்ப்பது, என் வயலை அவர் பார்ப்பது என்ற கொடுக்கல் வாங்கல் கூடாது. உள் ஆய்வாளர் கண்டதை எழுதுவார். ஏற்பதா, தள்ளுவதா என்பதை மூன்று பேர் குழு முடிவு செய்யும். அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். வருடம் ஒரு முறை ஆய்வாளர்கள் மாறட்டும்.

குழுச் சான்றில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரு உறுப்பினர் ராத்திரியில் அடித்த ஒரு டேங்க் மருந்து, அவரோடு சேர்த்து மற்ற 29 பேரின் சான்றையும் ஆட்டிவிடும். அவர்கள் காத்திருந்த வருடங்களும் அதோடு போகலாம். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பார்த்தும் பார்க்காமல் விடுவது அவருக்குச் செய்யும் உதவி. மற்ற அத்தனை பேருக்கும் செய்யும் கெடுதல்.

பட்டத்தோடு ஓடும் நாட்காட்டி

ஒவ்வொரு துறைக்கும் ஒரு தேதி என்று ஓடினால் மூச்சு வாங்கும். எல்லாவற்றையும் பயிர்ப் பட்டத்தோடு கட்டுங்கள். எங்கள் பக்கத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டம். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஏப்ரலில் வருடக் கணக்கு முடித்து இயக்குநர் கூட்டம். அதிலேயே உறுப்பினர்களின் நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்கலாம். ஜூலையில் சம்பாவுக்கு முன் கூட்டம். விதை, இடுபொருள் பட்டியல், அந்தப் பட்டத்தில் யார் யார் மாறும் காலம் என்று முடிவு. அக்டோபரில் கூட்டம், அதைத் தொடர்ந்து சம்பா பயிர் நிற்கும்போது முதல் உள் ஆய்வு, மகசூல் மதிப்பீடு. ஜனவரியில் கிடங்கு சுத்தம், தராசு முத்திரை சரிபார்த்தல், அறுவடை வரவு, கூட்டம். மார்ச்சில் நவரை நிற்கும்போது இரண்டாவது உள் ஆய்வு, கையிருப்பு எண்ணுதல். அந்த எண்ணிக்கையே ஆடிட்டருக்கும் வங்கிக்கும் போகும்.

உள் ஆய்வுக்கு வயலுக்குப் போகிறவர் ஒரே தாளில் எல்லாவற்றையும் பார்க்கட்டும். பி.ஜி.எஸ்.க்கு ஒரு நாள், என்.பி.ஓ.பி.க்கு ஒரு நாள் என்று இரண்டு தடவை உழவரை வயலில் நிறுத்த வேண்டாம். கேள்விகளை ஒன்றாகக் கோத்து, எந்தக் கேள்வி எந்தச் சான்றுக்கு என்று ஓரத்தில் குறித்துவைத்தால் போதும்.

நான்கு கூட்டத்திலும் முதல் பொருள் குறை நோட்டு. போன தடவை எழுதியது தீர்ந்ததா? தீராவிட்டால் ஏன்? இதைப் பேசாமல் டீ வரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்தன

தொழிற்சாலைகளும் இதே தொல்லையில் மாட்டியவைதான். தரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தர முறை 1987-ல் வந்தது. சுற்றுச்சூழலுக்கு 14001 என்று 1996-ல். உணவுப் பாதுகாப்புக்கு 22000 என்று 2005-ல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கையேடு, தனி அதிகாரி, தனி ஆய்வு. 2012-ல் அந்த அமைப்பே இறங்கி வந்து, இனி எல்லா மேலாண்மைத் தர முறைகளுக்கும் பத்துப் பகுதி கொண்ட ஒரே அடிச்சட்டம் என்று வகுத்தது. அடியில் இருக்கும் சுற்று எளிமையானது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து.

நமக்கு அந்தச் சான்றெல்லாம் வேண்டாம். அந்த யோசனை மட்டும் போதும். அது நமக்குத் தெரிந்த யோசனைதான். மாட்டுச் சாணம் மண்புழுவுக்கு, மண்புழு உரம் நெல்லுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, தவிடு கோழிக்கு, குளத்துத் தண்ணீர் வயலுக்கு என்று ஒருங்கிணைந்த பண்ணையம் செய்கிறவருக்கு, ஒருங்கிணைந்த நிர்வாகம் எப்படிப் புரியாமல் போகும்? ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் தீவனம். ஒரு நோட்டின் கடைசி வரி அடுத்த நோட்டின் முதல் வரி.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஏற்கெனவே ஏழெட்டு நோட்டு ஓடுகிற குழுக்கள் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அடுத்த பட்டத்தில் ஒரே ஒரு ரகம், ஐந்து உறுப்பினர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் எண்ணையும் லாட் எண்ணையும் மட்டும் முதலில் சரி செய்யுங்கள். அந்த ஐந்து பேரின் நெல் விதையிலிருந்து பில் வரைக்கும் ஆறு நோட்டில் ஓடட்டும். பழைய நோட்டுகளும் அந்தப் பட்டம் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கட்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் பழையதை மூடுங்கள். மாற்றும் முன் உங்கள் சான்று நிறுவனத்திடமும் ஆடிட்டரிடமும் புதிய படிவத்தைக் காட்டி, அவர்கள் கேட்பது எல்லாம் அதில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். சிறு தொகையாக இருந்தாலும் சரி, கிலோவுக்கு இத்தனை பைசா என்று விலையிலேயே சேர்த்துவிடுங்கள். மில்காரருக்குக் கூலி கொடுக்கிறோம், வண்டிக்காரருக்கு வாடகை கொடுக்கிறோம். நம் நெல்லுக்குச் சாட்சி எழுதுகிறவர் மட்டும் ஏன் சும்மா எழுத வேண்டும்?

நோட்டு மண்ணை வளப்படுத்தாது. அதை வளப்படுத்துவது நாமும் நம் மாடும் மண்புழுவும்தான். ஆனால் மண்ணில் நாம் செய்ததை, மண்ணைப் பார்க்காத ஊரில் இருக்கிறவர் நம்புவதற்கு அந்த ஆறு நோட்டுதான் வழி. வேலையைக் குறைத்து, உண்மையைக் குறைக்காமல் அதை எழுதுவோம்.